கேசட்டின் சொந்த வார்த்தை

அவளுக்கு வீட்டில் ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட ‘கேசட்’ என்ற பட்டப்பெயர், அவள் வருவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டது. எதைக் காதில் போட்டாலும் பதிந்துகொள்வாள். எப்போது அமுக்கினாலும் ஓடுவாள். நடுவில் நிறுத்தினால்தான் தொல்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

அவள் அப்பா நகரப் பேருந்தில் நடத்துநர். அவருடைய வழியில் இருக்கும் நிறுத்தங்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டுத்தான் விசில் ஊதுவார். அந்த வாய் அப்படியே மகளுக்கு வந்துவிட்டது. பேச்சு சரியாக வராத வயதிலேயே பேருந்தின் முன்சீட்டில் ஏறி நின்று நிறுத்தங்களை வரிசை மாறாமல் சொல்வாளாம், பயணிகள் கைதட்டுவார்களாம். அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்குக் காலர் தைப்பவர். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்பே மகளை ஒப்பிக்கச் சொல்லிவிடுவார்கள். அத்தை ஒருத்தர் மட்டும் ஒருநாள், "எல்லாம் சரி, அர்த்தம் கேட்டா சொல்வாளா?" என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு கேள்விக்காகவே அந்த வீட்டில் ஆகாதவராகிவிட்டார்.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் அவள்தான் முதல். இதற்காக அவளைக் கேலி செய்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேள்வி கேட்டவர்கள் புத்தகத்தைத்தான் கேட்டார்கள், அவள் புத்தகத்தைத்தான் கொடுத்தாள். கேட்டதைக் கொடுத்தவளிடம் என்ன குற்றம் இருக்கிறது? குற்றம் என்றால் அது கேட்டவர்கள் மேல். ஆனால் அதற்கான அடி கேட்டவர்கள் மேல் விழவில்லை, அவள் மேல்தான் விழுந்தது.

நான் யார் என்று சொல்லவில்லை. நான் விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் உடலியல், நான் வணிகவியல். இரண்டு கட்டில், ஒரு மேசை, சரியாகச் சாத்தாத ஒரு ஜன்னல். முதல் நாள் மாலை, பேச்சுக் கொடுக்கலாமே என்று, "உன் பாடத்துல என்னதான் இருக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தேன். முதல் பாடத்தின் முதல் பக்கத்தைச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை என்றேன். அதே பக்கத்தைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். அதன் பிறகு நான் எதுவும் கேட்காமல் தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

கல்லூரியின் முதல் பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும் நேரத்தில் அவளைத் துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். பாராட்டத்தான் போகிறார் என்று நினைத்து, தலையை வாரி நல்ல சுடிதார் போட்டுக்கொண்டு போனாள். போனவள் முகம் செத்துத் திரும்பி வந்தாள். கேசட் என்பதால் அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனாலும் பிசகவில்லை.

தலைவர் அவள் விடைத்தாளை மேசைமேல் வைத்து ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறார். அதில், ‘எதிர்ப்பக்கப் படத்தைக் காண்க’ என்று எழுதியிருந்தது.

"நானும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தேன்மா. வெள்ளையா இருந்துச்சு" என்றார் தலைவர்.

"சார்?"

"படம் எங்க?"

"புத்தகத்துல இருக்கு சார்."

"அப்போ புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்க."

இல்லை சார், மனப்பாடம் சார் என்று எவ்வளவோ சொல்லியும் பக்கத்தில் இருந்த விரிவுரையாளர்கள் நம்பவில்லை. கடைசியில் அவளே கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். அவர்களில் ஓர் அம்மா புத்தகத்தை விரித்து வைத்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தாராம். கமா வந்த இடத்தில் இவள் நின்றாள், முற்றுப்புள்ளி வந்த இடத்தில் மூச்சு வாங்கினாள். பார்த்து எழுதவில்லை என்பது அரைப் பக்கத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நிம்மதியாக வெளியே வந்திருக்கலாம். ஆனால் நிறுத்த அவளுக்குத் தெரியாதே. ‘மூச்சை உள்ளிழுக்கும்போது உதரவிதானம் மேலேறுகிறது’ என்ற வரிக்கு வந்தாள். உதரவிதானம் என்றால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குறுக்காக இருக்கும் தசை. அந்த இடத்தில் தலைவர் கையைத் தூக்கினார்.

"நில்லு. நீ மூச்சு விடறவதானே?"

"ஆமா சார்."

"இழுத்துப் பாரு. உள்ள அது மேலயா போகுது?"

"புத்தகத்துல மேலேறுகிறதுன்னு போட்டிருக்கு சார்."

அறையே சிரித்துவிட்டதாம். அது அச்சுப்பிழை. மூச்சை இழுக்கும்போது அந்தத் தசை கீழே இறங்கும். வகுப்பில் மற்றவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். இவள் அதற்கு முன்பே பதிந்துகொண்டுவிட்டாள், பதிந்ததை அழிக்க அவளுக்கு வழி தெரியாது.

"நீ காப்பியடிக்கலைன்னு ஒத்துக்கறேன்" என்றார் தலைவர். "ஆனா இது உன்னோட பதிலும் இல்ல. ஆண்டுத் தேர்வுல உன் சொந்த வார்த்தையில எழுதணும். மறுபடி புத்தகம் அப்படியே வந்துச்சுன்னா, பார்த்து எழுதினயா பார்க்காம எழுதினயான்னெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டேன். சைபர்தான்."

அந்தப் பாடத்தில் முதல் வருடமே தவறினால் படிப்பைத் தொடர முடியாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கல்லூரியின் விதி அது. எல்லாரையும் போல அவளும் அந்த விதியைச் சேரும்போதே படித்திருந்தாள், தனக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

வீட்டுக்குப் போனில் சொன்னாள். ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன். அம்மாவுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. "தப்பில்லாம சொன்னதுக்கா திட்டினாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க காலர் பிரிவுல ஒரு எடம் காலியாகுதாம். சூபர்வைசர் உன்னைப் பத்திக் கேட்டான். காலேஜ் போயிருக்கான்னு சொல்லி வாயை அடைச்சிட்டேன். நான் குனிஞ்சு குனிஞ்சு கழுத்தே போச்சு. நீ அங்க வந்து உக்காராதடி" என்றார். அப்பா போனை வாங்கிக்கொண்டார். சொந்த வார்த்தையில் எழுதச் சொல்கிறார்கள் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதெப்படி மாத்திச் சொல்றது? நான் ஸ்டாப்பை என் இஷ்டத்துக்கு மாத்திச் சொன்னா சனங்க கண்ட எடத்துல எறங்கிடாதா?"

அந்த வீட்டில் அவள் எப்படி வளர்ந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவளைத் திட்டலாம் என்று வைத்திருந்ததைத் திட்டாமல் விட்டுவிட்டேன்.

அதன் பிறகு சொந்த வார்த்தை தேடும் படலம் தொடங்கியது. பாவம், அவளிடம் சொந்த வார்த்தை என்று ஒன்றும் கைவசம் இல்லை. புத்தகத்தில் ‘சுருங்குகிறது’ என்று இருந்தால் ‘சுருக்கமடைகிறது’ என்றாள். ‘விரிகிறது’ என்பதை ‘விரிவடைகிறது’ என்றாள். சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு புதுச்சட்டை என்கிற கதைதான். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஒரு நாள் புத்தகத்தைப் பிடுங்கி என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க பாரு. காய்கறிக் கடையில நின்னு பேசும்போது வராத வார்த்தை எதுவும் இனிமே இந்த ரூம்ல வரக் கூடாது. எனக்குச் சொல்லு. மூச்சு எப்படி உள்ள வருது?"

வாயைத் திறந்தாள். பக்கம் வந்து நாக்கில் நிற்பது முகத்திலேயே தெரிந்தது. மூடிக்கொண்டாள். மறுபடி திறந்தாள். வாயில்லாப் பூச்சி மாதிரி அவள் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"நெஞ்சுக்குக் கீழ ஒரு தசை இருக்கு. அது கீழ போகும். காத்து உள்ள வரும்."

"அது கீழ போனா இது ஏன் உள்ள வரணும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"வரும்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கிறதெல்லாம் வேணாம். ஏன் வரணும்?"

"நீ வேணும்னே பண்றடி!" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டாள். எனக்கும் வீம்பு. போனால் போகட்டும் என்று என் கணக்கைப் பார்த்தேன்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். என் மூக்குக்கு நேரே நீட்டி, பின்னால் இருக்கும் தண்டை மெல்ல இழுத்தாள்.

"இங்க பாருடி. இப்ப உள்ள காத்து வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"யாரு ஊதினா?"

"யாரும் ஊதல."

"நான் உள்ள எடத்தைப் பெருசாக்கினேன், அவ்ளோதான். எடம் பெருசாச்சுன்னா வெளிய இருக்கிற காத்து தானா வந்து நிரப்பிக்கும். அந்தத் தசை கீழ எறங்கினா நெஞ்சுக்குள்ள எடம் பெருசாகும். நாம காத்தை இழுக்கலடி, எடம் பண்ணிக் குடுக்கிறோம். அது வருது. புரியுதா?"

புரிந்தது. இத்தனை வருடம் நான் என்னவோ மூக்கால் காற்றை உறிஞ்சுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் கையை வைத்து இழுத்துப் பார்த்தேன். அவளும் வைத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்து சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அவள் அந்த முகத்தோடு இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முதல் பரிசு வாங்கிய போட்டோக்களில்கூட அந்த முகம் இல்லை.

பிறகு அவளை யாரும் பிடிக்க முடியவில்லை. இதயம், சிறுநீரகம், காது என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் தலையில் கட்டினாள். புரியவில்லை என்று நான் சொன்னால் முன்பு போல அதையே மெதுவாகச் சொல்வதில்லை, வேறு வழியாகச் சுற்றி வந்து சொன்னாள். சில நாள் அவளுக்கே புரியாமல் போய், பாதியில் விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினாள். அவள் உபயத்தில் சிறுநீரகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு என் பாடத்தில் தேய்மானக் கணக்குத் தெரியாமல் போய்விட்டது. அந்தத் தேர்வில் நான் மயிரிழையில் தப்பிப் பிழைத்தேன்.

ஆண்டுத் தேர்வு எழுதிவிட்டு வந்தவள் வழக்கத்துக்கு மாறாக வாசலிலேயே சிரித்தாள்.

"ஒரு வரிகூட புத்தகத்துல இருக்கிற மாதிரி எழுதலடி. புத்தகம் வந்துச்சு. வரும்போதெல்லாம் உன்னை எதிர்ல உக்கார வச்சுக்கிட்டேன். உனக்குச் சொன்ன மாதிரியே எழுதிட்டேன்."

"சொன்ன மாதிரியேன்னா?"

"அப்படியே."

"‘வருது’, ‘போகுது’ன்னா?"

அவள் கை வாய்க்குப் போனது. நம்மில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் செய்யாத தவறு இது. வாய் ‘வருது’ என்றாலும் கை ‘வருகிறது’ என்றுதான் எழுதும், அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பேசுவதுபோல் பரீட்சை எழுதுவது, படுக்கையிலிருந்து எழுந்த கோலத்தில் கல்யாணத்துக்குப் போய் நிற்பது மாதிரி. கேசட்தானே, எழுதிய விடைத்தாள் முழுவதையும் அங்கேயே நின்று எனக்கு ஒப்பித்தாள். கேட்கக் கேட்க எனக்குத் தலை சுற்றியது. ‘எடம் பண்ணிக் குடுக்கிறோம், அது வருது’ என்று இருந்தது. ‘புரியுதா?’ என்று இருந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தைப் பற்றிய பதில் ‘இங்க பாருடி’ என்று ஆரம்பித்தது.

"திருத்தப் போறது யாரு?" என்று கேட்டேன்.

"தலைவர்தான்" என்றாள். அவள் பெட்டியை எடுத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அழவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு அழுகை வந்தது. நான்தானே அவளை இப்படிப் பேச வைத்தவள்?

மறுபடி அழைப்பு வந்தபோது நானும் கூடப் போனேன். வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவு திறந்துதான் இருந்தது. தலைவரின் மேசையில் விடைத்தாள் இருந்தது. புத்தகத்தில் விரல் ஓட்டிய அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து வந்த கண்ணீர் என்று பார்த்தாலே தெரிந்தது. இன்னொரு விரிவுரையாளர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நான் உனக்கு ‘டி’யா?" என்றார் தலைவர்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. "ஆம்பளைக்கு ‘டா’வாவது போட்டிருக்கலாம்" என்று அந்த அம்மா மறுபடி சிரிக்கத் தொடங்கினார். கடுகடுத்தவர், "பதிலா இது? தெருச்சண்டை மாதிரி இருக்கு. இதுக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க" என்றார்.

"சொந்த வார்த்தை கேட்டேன், குடுத்துட்டா" என்றார் தலைவர். "சொன்னதுல தப்பு இருக்கா? தேடிப் பார்த்தேன், கிடைக்கல. எனக்குச் சந்தேகமே வேற. யாரோ இவளுக்கு இந்த மாதிரி சொல்லிக் குடுத்து, இவ அதையும் மனப்பாடம் பண்ணியிருந்தா?"

வெளியே நின்ற எனக்கு உள்ளே புகுந்து நாலு வார்த்தை கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் யோசித்தால் நியாயமான சந்தேகம்தான். கேசட்டுக்குப் புத்தகமும் ஒன்றுதான், பேச்சும் ஒன்றுதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஒரே ஒரு கேள்வி. கொட்டாவி எதுக்கு வருது?"

கேள்வி சின்னதுதான். அவள் கண் ஒரு பக்கமாகப் போனது, பக்கம் புரளுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்பாடா, பதில் இருக்கிறது, சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"ரத்தத்துல ஆக்சிஜன் குறைஞ்சா வரும்னு புத்தகத்துல இருக்கு சார்" என்றாள். நிறுத்தினாள். "ஆனா..."

"என்ன ஆனா?"

"என் ரூம்ல ஒருத்தி இருக்கா சார். சாத்தவே முடியாத ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நான் பேச ஆரம்பிச்சதும் கொட்டாவி விடுவா. காத்துக்கு அங்க பஞ்சமே இல்ல. அவளைப் பார்த்து எனக்கும் வரும். எனக்கு எதுக்கு ஆக்சிஜன் குறையணும்? குறைஞ்சா மூச்சை வேகமா விட்டாப் போதுமே. புத்தகம் சொல்றது பொருந்தல சார்."

"அப்போ எதுக்குத்தான் வருது?"

அவள் நின்றாள். பிறந்ததிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை அவள். அப்பாவின் பேருந்து சீட்டில் நின்ற நாளிலிருந்து யார் கேட்டாலும் ஏதாவது ஒன்று ஓடியிருக்கிறது. சொல்லித் தொலையேன், புத்தகத்தையே சொல்லேன் என்று நான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

"தெரியல சார்" என்றாள்.

எனக்குக் காலர் பிரிவு கண்முன் வந்தது. தலைவர் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது" என்றார். "யாருக்குமே இன்னும் சரியாத் தெரியாது. ஆளுக்கொண்ணு சொல்றாங்க." பேனாவைத் திறந்து விடைத்தாளில் மதிப்பெண் போட்டார். "பாஸ். அந்த ‘டி’க்கு மட்டும் குறைச்சிருக்கேன். அடுத்த வருஷம் ‘வருகிறது’ன்னு எழுதக் கத்துக்கோ. அது சுலபம்."

அதற்குப் பிறகு அவள் வகுப்பில் முதலாக வந்ததே இல்லை. நடுவில் எங்கோ இருப்பாள், சில பாடங்களில் அதற்கும் கீழே. இப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் நெஞ்சில் அறுவை செய்துகொண்டவர்களுக்கு மூச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். நோயாளிகள் அவளை மூச்சக்கா என்கிறார்கள். அங்கேயும் ஏதாவது ஒன்று பொருந்தவில்லை என்று பெரிய டாக்டர்களோடு மல்லுக்கு நின்று, வாரத்துக்கு ஒரு தடவையாவது எனக்குப் போன் செய்து அதை விளக்குகிறாள். நான் இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்கு அதிகாரி, எனக்கும் ஆயிரம் வேலை இருக்கிறது. அதெல்லாம் அவள் காதில் ஏறாது.

தலைவர் பாஸ் போட்ட அன்று மாலை வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மாதான் எடுத்தார், போன் அவர் கையிலேயே இருந்திருக்க வேண்டும்.

"பாஸாடி?"

"பாஸ்மா. அதை விடு. அம்மா, சார் ஒரு கேள்வி கேட்டாரு. அதுக்குப் பதில் அவருக்கே தெரியாதாம்மா! யாருக்குமே தெரியாதாம்!"

அம்மா கவலைப்பட்டுவிட்டார் என்று குரலிலேயே தெரிந்தது.

"அவருக்கே தெரியலைன்னா, அங்க இருந்து நீ என்னத்தைடி படிக்கப் போற?"

"அதைத்தாம்மா" என்றாள் கேசட்.